அம்மனுக்குச் சாத்திய தலை உரு

ஆஸ்பத்திரியை விட்டு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியவில்லை. "அவர் கண் திறந்தா வா. திறக்கலேன்னா இந்தப் பக்கமே வராதே" என்று மா தெய்ன் சொல்லியிருந்தாள். அவள் பர்மாக்காரி. உள்ளே கிடந்தவர் அவள் புருஷன், நகாதா என்ற ஜப்பான்காரப் பல் வைத்தியர். முந்தின நாள் சாயங்காலம் நான் எறிந்த பந்து அவர் காதுக்கு மேலே பட்டது. அதிலிருந்து அவருக்கு நினைவு இல்லை.

அம்மனை நம்புகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஜெர்மன் சண்டை முடிந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். மாசி மாதம்.

நான் முனியாண்டி. ராமநாதபுரத்துச் சீமை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாகப்பட்டினத்தில் உப்பு சுமந்தேன், பினாங்கில் தகரம் சுமந்தேன், பிறகு ரங்கூன் துறைமுகம். கப்பலின் அடிவயிற்றில் பாரத்துக்குப் போட்டு வரும் கற்களைக் கைக்குக் கை எறிந்து கரையேற்றும் வேலை. ஒரு நாள் என் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போன பருந்தைக் கல்லால் அடித்தேன். கருவாடு கீழே விழுந்தது. எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த அமெரிக்கத் துரை ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். மில்லர் துரை என்போம். அவரிடம் ஒரு பேஸ்பால் கோஷ்டி இருந்தது. ஒருவன் எறிவான், எதிரே நிற்பவன் தடியால் அடிப்பான். அதுதான் ஆட்டம். சம்பளம் பேசி என்னைச் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே நான் எறிவதில்லை. முதலில் எறிகிறவனுக்குக் கை ஓய்ந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். அதுவரை பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். என்னோடு தங்கியிருந்த செல்லையாவுக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏண்டா முனியாண்டி, ரங்கூன்லயே குந்தியிருந்து சம்பளம் வாங்குறது ரெண்டே பேரு. ஒண்ணு ஜட்ஜு, இன்னொண்ணு நீ."

"எந்திரிச்சா என்ன பாடுன்னு வந்து பாரு" என்பேன்.

பாடுதான். எனக்கு முன்னால் எறிந்தவன் ஆட்டத்தைக் கெடுத்துவைத்திருப்பான். எதிராளி பாதி ஜெயித்திருப்பான். அப்போதுதான் என் பெயரைச் சொல்வார்கள். இரண்டு வருஷம் அப்படிப் போனது. தோள் உள்ளுக்குள்ளே கிழிந்துகொண்டே வந்தது. அப்போதெல்லாம் என் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான்: தாயே, இந்தக் கையைக் காப்பாற்று. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சாத்த ஒரு கை உருவும் வாங்கி மடியில் முடிந்துவைத்திருந்தேன். கைக்கு நோவு என்றால் கை வடிவத் தகடு, கண்ணுக்கு நோவு என்றால் கண். நம் வழக்கம்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜப்பான்காரர்களோடு ஆட்டம். பலகையில் உட்கார்ந்து நொச்சித் தைலத்தைத் தோளில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் ஓரமாகப் பத்துப் பந்து எறிந்து கையைச் சூடேற்ற விடுவார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு வர நேரம் இருக்கும். அன்றைக்கு முதல் ஆளுக்கு விரல் நகம் பிய்ந்துபோனது. துரை, "முனி! உடனே!" என்று கத்தினார். ஓடினேன். கையை மண்ணில் தேய்த்தேன், வேட்டியில் துடைத்தேன். அதுவே போதும் என்று நினைத்தேன்.

முதல் பந்து சரியாகப் போனது. இரண்டாவது விரலை விட்டு வழுக்கியது. எதிரே தடியோடு நின்ற நகாதா குனியக்கூட இல்லை. தேங்காய் உடைக்கிற சத்தம். அவர் மண்டியிட்டு, பிறகு சாய்ந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் இடத்தில் வேறு ஆள் தடியோடு வந்து நின்றான். துரை எனக்குப் பந்தைக் கொடுத்தார். கையைத் தூக்கினேன். தோளில் ஏதோ அறுந்தது. பந்து என் காலடியிலேயே விழுந்தது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"நீதானே எறிஞ்சது?" என்றாள் மா தெய்ன்.

"ஆமா."

"வேணும்னே எறிஞ்சியா?"

"இல்லம்மா. கையில எண்ணெய்."

"எண்ணெயா? நீ பந்து எறிய வந்தியா, பஜ்ஜி சுட வந்தியா?" அழுதுகொண்டேதான் கேட்டாள். அதற்குப் பிறகுதான் வராதே என்று சொன்னாள்.

நடந்த கால்கள் அம்மன் கோயில் வாசலில் கொண்டுபோய் விட்டன. உரு விற்கிற பூக்காரம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"கை உரு வாங்கிட்டுப் போனவன்தானே? கை தேவலையா?"

"இல்லம்மா. இதை வச்சுக்கிட்டுத் தலை உரு கொடுங்க."

"யாருக்குத் தலை நோவு?"

"ஒரு மனுஷன் உயிர் போகுதும்மா. நான் எறிஞ்சது."

அவள் ஒரு தலை உருவை எடுத்து என் முன்னால் வைத்தாள். "கையையும் சாத்து, தலையையும் சாத்து. ஆத்தாகிட்ட என்னடா கஞ்சத்தனம்?"

எனக்கு என் மனசு தெரியும். இரண்டையும் சாத்தினால் வாய் தலையைக் கேட்கும், நெஞ்சு கையைக் கேட்கும். தோள் அப்படி வலித்துக்கொண்டிருந்தது. கை உருவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சன்னதியில் நின்றபோது பாட்டு வரவில்லை, மந்திரம் தெரியாது. "தாயே, அந்த மனுஷன் எந்திரிச்சு உட்காரணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்." அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம், சாலைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தேன். அவள் வராதே என்றாளே. உச்சி வெயில் சாய்ந்தபோது மா தெய்ன் வெளியே வந்து கையால் கூப்பிட்டாள்.

"முழிச்சுட்டார். உட்கார்ந்துட்டார். திட்டிக்கிட்டே இருக்கார்."

"என்னையா?"

"உன்னைத்தான். எங்கே போனான், இன்னொரு பந்து போடச் சொல்லுங்கிறார்." சிரித்தாள். உடனே முகத்தை மூடிக்கொண்டாள். "ஒரு காது கேட்கலை."

அந்தக் காது பிறகும் கேட்கவில்லை. நான் அதை மறைக்கவில்லை. ஆனால் டாக்டர் காலையில் அவளிடம், சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பு என்று சொல்லியிருந்தார். அதே மனுஷர் உட்கார்ந்து கஞ்சி குடித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

என் வலது கை இன்றைக்கும் தோளுக்கு மேலே எழும்பாது. துரை அன்று சாயங்காலமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். "ஆத்தா உன் கையையும் கொடுத்திருக்கலாமேடா" என்று செல்லையா கேட்டான். நான் கேட்கவில்லை, அவள் கொடுக்கவில்லை. கேட்டதைக் கொடுத்தாள். முன்பெல்லாம் ஊரை மாற்றுகிற மாதிரி சாமியையும் மாற்றுவேன். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு மாற்றவில்லை. உங்களில் யாருக்காவது நெஞ்சில் பெரிய பாரம் இருந்தால், பாட்டுத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். போய் நில்லுங்கள். எது இல்லாவிட்டால் தாங்க முடியாதோ அதை மட்டும் சொல்லுங்கள். அவள் காதில் விழும்.

புதன்கிழமை விடிந்ததும் வேலை தேடி, பக்கத்து ஊரான த்வாண்டேக்குப் படகு ஏறினேன். அங்கே பானைச் சூளை வைத்திருந்த பர்மாக்கார அம்மா என் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. "கால் எப்படி?" என்றாள். "நல்லா இருக்கு" என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி மண் மிதிக்க ஆரம்பித்தேன்.