பென்தான் என்றொரு சீனப் பெயர்

போன வாரம் வீட்டுக்கு ரைஸ் குக்கர் வாங்கினோம். பெட்டியைப் பிரித்ததும் தெர்மாகோலும் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாடை எழுந்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பெட்டிக்குள் தலையை விடாத குறைதான். அந்த வாடையை நான் முதலில் மோந்தது சிவகாசியில், நாரணாபுரம் ரோட்டில் இருந்த ஓர் அச்சகத்தில். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள். பட்டாசு லேபிளும் தினக் காலண்டரும் அடிக்கிற கம்பெனி அது. ஒருநாள் சீனாவிலிருந்து மரப்பெட்டிகளில் ஒரு மெஷின் வந்து இறங்கியது. அதைப் பூட்டி ஓடவைக்க லியூ என்கிற மெக்கானிக்கும் வந்தார்.

லியூவுக்கு என் வயதுதான் இருக்கும். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. இரண்டு அரைகுறை சேர்ந்தால் ஒரு முழுசு என்று நினைத்தாரோ என்னவோ, முதலாளி என்னை அவர் கூடவே சுற்றவிட்டார். ஸ்பானரை நீட்டினால் அதற்கு ஒரு சொல், மை டப்பாவைத் தொட்டால் அதற்கு ஒரு சொல். கிளிப்பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டேன். எனக்குப் படிப்பு ஏறாததற்குக் காரணம் பாஷைதான், சீன மொழியில் பாடம் நடத்தியிருந்தால் நான் கலெக்டர் ஆகியிருப்பேன் என்றுகூட அப்போது நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லியூவை விருதுநகரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். மிளகாய் வத்தல் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் தும்மித் தும்மிக் கண் சிவந்துவிட்டார். அத்தா மவுத்தான பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா அவருக்கென்று காரம் இல்லாமல் தனியாகக் கறி ஆக்கியிருந்தார். “நல்லாச் சாப்பிடச் சொல்லுத்தா. ஊரு விட்டு ஊரு வந்து கெடக்குற பிள்ள,” என்றார்.

ஒருநாள் காலையில் லியூ என் நெஞ்சைத் தொட்டு “பென்தான்” என்றார். பக்கத்தில் நின்ற முதலாளி, “ஒனக்குச் சீனப் பேரு வச்சிருக்காருலே. கெட்டிக்காரன்னு அர்த்தமாம்,” என்றார். அன்றிலிருந்து கம்பெனி முழுக்க எனக்கு அதுதான் பெயர். கட்டிங் மெஷின்காரர், “பெண்தானா? அப்பச் சீக்கிரம் மாப்பிள்ள பாத்துருவோம்,” என்று கேலி செய்வார். கெட்டிக்காரனுக்கு இதெல்லாம் ஒரு கேலியா என்று நான் விட்டுவிடுவேன்.

லியூ ஊருக்குப் போன பிறகு, பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் சீன மொழி வகுப்பு ஆரம்பித்தார்கள். புதிதாக வருபவர்களுக்கு முதல் நிலை, ஓரளவு தெரிந்தவர்களுக்கு இரண்டாம் நிலை. யார் எதில் என்று பார்ப்பதற்கு ஒரு தேர்வு. முதலாளி என்னையும் தன் மச்சினன் சங்கரையும் கூப்பிட்டார். “ரெண்டு பேரும் போயி எழுதுங்க. எவன் ரெண்டாவது கிளாஸுக்குப் போறானோ, அவன் அடுத்த மெஷின் எடுக்க என்கூட சீனாவுக்கு வாரான்.” சங்கர் மெட்ராசில் கொஞ்ச நாள் சீனம் படித்துவிட்டு வந்தவன். ஆனாலும் சீனாக்காரனிடமே படித்தவன் நான்தானே! அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

எழுத்துத் தேர்வில் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியவில்லை. அழகாக இருந்ததற்கெல்லாம் டிக் போட்டேன். வாய்மொழித் தேர்வைத்தான் நம்பியிருந்தேன். எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக முன்னால் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் ஒரு சீன ஆசிரியை. சின்னப் பெண். பக்கத்தில் நம்மூர்ப் பேராசிரியர். அந்தப் பெண் சீனத்தில் பெயர் கேட்டார். நான் நிமிர்ந்து நின்று, “வோ ஜியாவ் பென்தான்,” என்றேன்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பேராசிரியர் முகம் மலர்ந்தது. “தம்பி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்க.”

சத்தமாகச் சொன்னேன். பின்னால் சிலர் சிரித்தார்கள்.

“அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க.”

ஹாலைப் பார்த்துத் திரும்பி நின்று சொன்னேன். பாராட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, “தம்பி என்ன சொல்றார்னா, என் பேர் முட்டாள்னு சொல்றார். உச்சரிப்பு மட்டும் ரொம்பச் சுத்தம்,” என்றார்.

ஹாலே சிரித்தது. சங்கர் டெஸ்க்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அந்தச் சீனப் பெண் மட்டும் சிரிக்காமல், என்னைப் பார்க்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டார். என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வி. புரிந்தது, பதிலும் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. தெரிந்த மற்றச் சொற்களுக்கு என்னென்ன அர்த்தமோ, யார் கண்டது?

சங்கருக்கு இரண்டாம் நிலை கிடைத்தது. திரும்பும் பஸ்ஸில் அவன் செல்போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நடந்ததை நடித்துக் காட்டிக்கொண்டே வந்தான். கேட்கப் பொறுக்காமல் பாதி வழியிலேயே, ஆமத்தூரில் இறங்கிக்கொண்டேன். மறுநாள் அச்சகத்துக்குள் நுழைந்ததும், “வாங்க முட்டாளு, சாப்பிட்டீகளா?” என்று ஒரே மரியாதை. முதலாளி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

என் ஆத்திரம் முழுக்க லியூ மேல்தான். எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டா இப்படிப் பண்ணினாய் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

தீபாவளி சீசன் முடிந்து, முதலாளியும் சங்கரும் சீனா போய்வந்து, இரண்டாவது மெஷினும் வந்தது. லியூவும் வந்தார். கூடவே மெஷின் விற்ற கம்பெனியின் மெட்ராஸ் ஏஜெண்ட், சீனம் தெரிந்தவர். என்னைப் பார்த்ததும் லியூ “பென்தான்!” என்று கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். கையில் அம்மாவுக்கென்று ஒரு டீ பாக்கெட். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். “ஏன் எனக்கு அப்படிப் பேர் வச்சீங்கன்னு கேளுங்க சார்,” என்றேன் ஏஜெண்டிடம்.

ஏஜெண்ட் கேட்கவே இல்லை. “இவர் எங்க வச்சாரு? உங்க முதலாளிதான் வச்சாரு. லூசுப்பயலுக்குச் சீனத்துல என்னன்னு போன்ல கேட்டாரு, நான்தான் சொன்னேன். அப்படிக் கூப்பிட்டா பையனுக்குப் பிடிக்கும்னு இவர்கிட்ட சொல்லவும் சொன்னாரு.”

முதலாளி அங்கேதான் நாற்காலியில் இருந்தார். எழுந்திருக்கவில்லை.

“தமாசுக்குலே. டெஸ்ட்டுக்கு அனுப்புனது வேற. டெஸ்ட்டு வச்சுத்தான் மச்சினன எடுத்தேன்னு கம்பெனிப் பங்காளிகளுக்குச் சொல்லணும்ல? தோக்குறதுக்கு ஒன்னய விட்டா எனக்கு ஆளு ஏது?”

லியூ ஏஜெண்டின் சட்டையைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஏஜெண்ட் சொல்லவில்லை. லியூ டீ பாக்கெட்டோடு அப்படியே நின்றார். “ஆர்டர் நிக்குது, போயி பிளேட்ட மாட்டுலே,” என்றார் முதலாளி. நான் போய் மாட்டினேன்.

அந்த வேலையை உடனே விட்டேன் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை. அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருடக்கணக்கில் அங்கே கிடந்தேன்.

இன்று அந்த அச்சகம் இல்லை. இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். முதலாளி காலமாகிவிட்டார். பல்கலைக்கழகத்தில் சீன வகுப்பை எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். தேர்வன்று சாயங்காலம் வீட்டில் என்ன நடந்தது என்பதைத்தான் இன்னும் சொல்லவில்லை. “பாஸாத்தா?” என்று அம்மா வாசலிலேயே கேட்டார். “பாஸும்மா. சீனாவுக்குக் கூப்பிட்டாக. ஒன்னய யாரு பாப்பான்னு வரலன்னுட்டேன்,” என்றேன். அன்று என்னைத் திட்டித் தீர்த்தார். பிறகு கல்யாண வீடு, நோன்புக் கஞ்சி என்று நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்சிடமும் சொன்னார். போன வருடம் அம்மா மவுத்தானார். சீனாவே வேண்டாம் என்று சொன்ன அந்த மகனைப் பற்றிப் பேச இப்போது ஒருவரும் இல்லை.