யாயீர் மகளின் கண்கள்

என்னைப் போல ஒரு மடையன் எங்கள் ஊர் மாதா கோயில் சரித்திரத்திலேயே கிடையாது. சுவரில் எழுதுகிற படத்துக்குக் கண் திறந்தால், வீட்டில் படுத்துக் கிடக்கும் அக்கா எழுந்துவிடுவாள் என்று நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நாலாம் வகுப்பு முழுக்க அறிவிப்பும் செய்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. பைபிளில் வரும் யாயீர் என்பவரின் செத்துப்போன மகளை இயேசு கையைப் பிடித்து எழுப்புகிற காட்சியைக் கோயில் சுவரில் வரைய, பங்குச் சாமியார் பெரம்பலூரிலிருந்து ஒரு பெயிண்டரை அழைத்து வந்தார். எறையூர் ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகளில் மயில் போடுகிறவர். அம்மன் கோயில் சிலைகளுக்கும் வர்ணம் அடிப்பார். எதையும் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குக் கை ஓடும். படுத்த படுக்கையாக ஒரு பெண் பிள்ளை வேண்டும் என்றார். ஊரில் அந்தத் தகுதி என் அக்காவுக்குத்தான் இருந்தது. மூட்டு வலியும் காய்ச்சலுமாகத் தொடங்கிய நோய் நெஞ்சுக்கு ஏறியிருந்தது.

கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைச் சீவினார். "ஆடாம இரு பாப்பா."

"அது ஒண்ணுதாண்ணே எனக்கு நல்லா வரும்" என்றாள் அக்கா.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

சுவரில் படம் வளர்ந்தது. எங்கள் கட்டில், எங்கள் பித்தளைச் சொம்பு, அக்காவின் ஒல்லிக் கை, அதைப் பிடித்திருக்கும் இயேசுவின் கை. கண் மட்டும் மூடியிருந்தது.

"கண்ணக் கடைசியிலதான் தொறப்பேன் தம்பி. அதான் எங்க வழக்கம். தொறந்துட்டா உசுரு வந்துரும்" என்றார்.

எனக்கு அது போதும். எழுந்து வந்தால் கேட்பாளே என்று, நான் அபகரித்து வைத்திருந்த ஜாமெட்ரி பாக்ஸைத் துடைத்து அவள் தலைமாட்டில் வைத்தேன்.

"என்னடா, திடீர்னு யோக்கியனாயிட்ட?" அதைச் சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

அந்த வாரமே அவளைப் புதைத்தோம்.

நான் அழவில்லை. செத்தவளைத்தானே இயேசு எழுப்பினார்? எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று இருந்தேன். மறுநாள் கோயிலுக்கு ஓடினேன். பெயிண்டர் சுவரோரம் கட்டியிருந்த மூங்கில் சாரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இயேசுவின் கால் நகம் வரைக்கும் முடிந்திருந்தது. அக்காவின் கண் அப்படியே மூடியிருந்தது.

"கண்ண மறந்துட்டீங்கண்ணே. சீக்கிரம் தொறங்க, அக்கா காத்துக்கிட்டுக் கெடக்கும்."

அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"ஒங்கம்மா வேணாம்னுட்டாங்க."