இரட்டை வேகம்

புத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மண்ணச்சநல்லூர் அரிசி மில் முதலாளி ஒருவர் மில்லின் கேமரா பதிவைப் பென் டிரைவில் கொண்டுவந்தார்.

"போன்ல ஓட மாட்டேங்குது தம்பி, மாத்திக் குடுங்க."

மாற்றிக் கொடுத்தேன். அதில் மூட்டைகள் சரிந்து ஒருவர் அடியில் சிக்குகிறார். கூட வேலை பார்த்த செல்வம் வாசலை நோக்கி ஓடுகிறார். அந்த வீடியோ மில் ஆட்களின் வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது.

நாலாம் நாள் செல்வமே ஒரு காலை இழுத்தபடி கடைக்கு வந்தார்.

"விட்டுட்டு ஓடிட்டேன்னு வேலைய விட்டு நிறுத்திட்டாங்க சார். ஆள் கூப்பிடத்தான் போனேன். இந்தக் கால வச்சுக்கிட்டு எப்படிங்க ஓடுவேன்?"

மறுபடி போட்டுப் பார்த்தேன். படத்தின் மூலையில் இருந்த கடிகாரத்தில் நொடிகள் இரண்டிரண்டாகத் தாவின. மாற்றும்போது வேகத்தை நான் சரிபார்க்கவில்லை. சரிசெய்ததும், செல்வம் காலை இழுத்து இழுத்து, கையை ஆட்டி யாரையோ கூப்பிட்டபடி நடந்தார்.

"சாஃப்ட்வேர் கோளாறுண்ணே" என்றேன்.

திருத்தியதை உடனே முதலாளிக்கு அனுப்பினேன். "பாக்குறேன்" என்றார். செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். தப்பு என்னுடையது என்று அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.