ஏரியல் பிடித்தவள்

ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபையர் செய்யலாமென்று உட்கார்ந்தேன். ஈயம் உருகிய புகை மூக்கில் ஏறியதும் விருத்தாசலத்து வீட்டுக் கூடம் வந்துவிட்டது.

எட்டாவது படிக்கும்போது, ஆலையில் கழித்துப்போட்ட பீங்கான் குமிழில் ஏரியல் கம்பியைக் கட்டி, நானே செய்த ரேடியோ. ஹெட்போனில் மட்டும், அதுவும் மெல்லத்தான் கேட்கும். அப்பா அதன் இரண்டு காதையும் தனித்தனியாகக் கழற்ற, ஒன்றை அவரும் மற்றதை அண்ணனுமாக வைத்துக்கொண்டார்கள்.

"எனக்குப்பா?"

"நீ ஏரியலப் புடிச்சுக்கிட்டு நில்லும்மா. வுட்டா பாட்டு நின்னுடுது."

"நான் செஞ்சதுப்பா!"

"அதாண்டி, ஒனக்குத்தான் சரியாப் புடிக்க வருது" என்று சிரித்தான் அண்ணன்.

செய்தவளுக்குக் கம்பி, சும்மா இருந்தவர்களுக்குப் பாட்டா? இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது செய்து முடித்த ஆம்ப்ளிஃபையர் ஒரு ஹெட்போனைத்தான் தாங்குகிறது. அடுத்து இன்னொரு டிரான்சிஸ்டர் சேர்த்து மூன்று ஹெட்போன் மாட்டிப் பார்க்கப்போகிறேன். அப்பாவும் அண்ணனும் கேட்கட்டும். என்னுடையதைப் பிரிக்க மட்டும் விடமாட்டேன்.