இரவல் மூக்கு

விசுவமடுப் பக்கத்து நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மோட்டார் திருத்தப் போயிருந்தேன். அங்கே வேலை செய்பவர், குளோரின் பட்டு வெளிறிய சேட்டோடு வந்து, பெயரைக்கூடக் கேட்காமல் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினார்.

"மணந்து பாருங்கோ. மருந்து மணக்குதோ?"

"ஓம், கொஞ்சம் மணக்குது."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப சரி."

"ஏன், உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"இந்தக் குளோரின் தூளோட பத்து வருசம். மூக்குச் செத்துப்போச்சு. தண்ணியைச் சோதிக்கிற மருந்தும் முடிஞ்சுது. அதையும் முகமூடியையும் கேட்டிருக்கிறன், வருமாம். அதுவரைக்கும் ஆர் வந்தாலும் மணக்க வைக்காமல் விடமாட்டன்."

தபால்காரரும் மீன் வியாபாரியும்கூட அவருக்காக மணந்து பார்த்தவர்கள்தானாம்.

அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் குழாய்த் தண்ணீர் மருந்து மணக்கிறதென்று முன்பு முறைப்பாடு சொன்னவன் நான். இப்போது மணக்காத நாட்களில், அன்று காலை அவரிடம் ஒருவரும் போகவில்லையோ என்று கவலைப்படுகிறேன்.