கூடத்துப் போன்

பல் பிடுங்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் செல்போனில் செய்தி வந்துவிட்டது: எங்கள் சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் தாருங்கள் என்று. வாயில் பஞ்சோடு சிரித்தேன். நானும் இப்படிக் கேட்டுப் பிழைப்பவள்தானே.

செல்போன் வராத காலத்தில், திருச்சியில் ஒரு மனநல மையத்தில் எனக்கு முதல் வேலை. சிகிச்சைக்கு வந்து போனவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். தபாலா, போனா, நேரில் போவதா, எதில் உண்மை வருகிறதென்று ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னார் டாக்டரம்மா. தபால் கிணற்றில் போட்ட கல். போனில் எல்லோரும் சௌக்கியம். பின்னே, அப்போது போன் இருந்தது கூடத்தில். வீடே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது தூக்கம் வரவில்லை என்று யார் சொல்வார்கள்?

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண். பிரசவத்துக்குப் பின் உயிரே வேண்டாமென்று சொல்லிக்கொண்டு வந்தவள், திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். தபாலுக்குப் பதில் இல்லை. போனை எடுத்த மாமியார், "அவ நன்னா இருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. மாமியார் என்றாலே கொடுமைக்காரி என்று முடிவு கட்டுகிற வயது வேறு. மாத்திரையைப் பிடுங்கி எறிந்திருப்பார், அந்தப் பெண் என்ன ஆனாளோ என்று நேரில் பார்க்கக் கிளம்பியவள், பஸ் காவிரிப் பாலம் தாண்டும்வரை கம்பியை விடவில்லை.

உத்திர வீதியில் கதவைத் திறந்தவரும் மாமியார்தான். தெருவுக்கு விஷயம் தெரியக்கூடாதே என்று, மருமகளோடு கூட வேலை பார்த்தவள் என்று நான் ஒப்பித்ததை அவர் நம்பவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"டாக்டர்கிட்டேர்ந்துதானே வரேள்? அன்னிக்குக் கூடம் நிறைய மனுஷா. என்னன்னு பேசறது? அதான் வச்சுட்டேன்."

கைக்குழந்தையோடு அலைய வேண்டாமென்று பக்கத்திலேயே ஒரு டாக்டரிடம் காட்டுகிறார்களாம். வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது இவரேதானாம். அதற்குள் அந்தப் பெண்ணே குழந்தையோடு வந்தாள். அது என் மூக்குக்கண்ணாடியை இழுக்க, சிரித்தாள்.

"இப்போ எனக்குத் தூக்கம் வரது. இவன்தான் விடமாட்டேங்கறான்."

எனக்குப் போன உயிர் வந்தது. அந்த மாமியாரை வழியெல்லாம் மனதுக்குள் வைதுகொண்டு வந்த அசடு நான், அவர் கொடுத்த காபியை ரசித்துக் குடித்தேன்.

கிளம்பும்போது எதிர்வீட்டு மாமி, நான் யாரென்று கேட்டார். "மாட்டுப்பொண்ணோட சிநேகிதி" என்றார் இவர், கண் இமைக்காமல். நானும் தலையாட்டினேன். இந்தத் தொழிலில் அந்தப் பொய் இல்லாமல் அன்று தெருவைத் தாண்ட முடியாது.

இப்போது போன் அவரவர் கையில். நேரில் போவதும் குறைந்துவிட்டது. போன மாதம் எடமலைப்பட்டி புதூரில் ஒரு இளைஞரைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். பக்கத்து வீட்டுக்காரர், நான் யாரென்று விசாரித்தார். நான் சிநேகிதிப் பொய்க்கு வாயெடுப்பதற்குள் அந்த இளைஞர் முந்திக்கொண்டார்.

"எனக்கு மனசு சரியில்லாம இருந்துச்சுல்லண்ணே, இப்ப எப்படி இருக்கேன்னு கேக்க வந்திருக்காங்க."

"தேவலையா தம்பி?" என்று கேட்டுவிட்டு, அவர் தண்ணீர் மோட்டார் போடப் போய்விட்டார்.

பழசெல்லாம் போகிறதே என்று எதற்கெடுத்தாலும் அங்கலாய்ப்பவள்தான் நான். அந்தப் பொய் போனதற்கு மட்டும் ஒரு துளி வருத்தமில்லை.