காகம் வராத அமாவாசை

டெல்லியில் கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குடியிருப்பில் எங்களுக்கு மாடி வீடு. பால்கனிக்கு எதிரே வேப்பமரம். தொண்ணூறுகளில் ஒரு கோடையில் அதில் காகம் கூடு கட்டியது. குஞ்சு பொரித்த காகத்தின் கோபம் இருக்கிறதே, கீழே யார் போனாலும் தலையில் ஒரு கொத்து. என் வீட்டுக்காரர் ஆபீஸ் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. வழுக்கை வேறு. பொறுத்துப் பார்த்தவர், ஆட்களிடம் சொல்லி அந்தக் கிளையையே வெட்ட வைத்துவிட்டார். குஞ்சுகள் பறந்துவிட்டன என்றார். நான் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.

பிறகு ஆடி அமாவாசை வந்தது. மாமனாருக்குத் தர்ப்பணம் முடித்து, இலையில் சாதமும் பருப்பும் நெய்யும் வைத்து, பால்கனிச் சுவரோரம் நின்று "கா... கா..." என்று கூப்பிட்டார். காகம் வாய் வைத்தால்தான் அப்பா ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. வந்ததெல்லாம் புறா. துண்டை வீசி வீசி விரட்டினார். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

"ஏங்க, சுகர் மாத்திரை போட்டிருக்கீங்க. ஒரு வாய் சாப்பிடுங்களேன்."

"அப்பா சாப்பிடாம நான் எப்படிடி சாப்பிடுறது?"

துணி உலர்த்த வந்த கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் அண்ணாந்து பார்த்தார். "பாயி சாப், பஹலே கர் தோடா, அப் தாவத்?" வீட்டை இடித்துவிட்டு இப்போது விருந்தா என்கிறார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். இவர் முகம் சுருங்கிவிட்டது.

எனக்கும் சுருக்கென்றது. கிளையை வெட்டச் சொன்னபோது அது காக்காய்; இலை போட்டபோது அப்பா. இரண்டும் ஒரே பறவைதான் என்று நடுவில் ஒருநாளும் எங்களுக்குத் தோன்றவில்லை.

இவர் இலையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே போனேன். தெருக்கோடி அரசமரத்தடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். ரொம்ப நேரம் கழித்து ஒரு காகம் இறங்கியது. தலையைச் சாய்த்து அவரையே பார்த்தது. பிறகு ஒரு வாய் எடுத்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த கோடையில், மிச்சமிருந்த கிளையில் மறுபடி கூடு. "இதையும் வெட்டச் சொல்லுங்க சார்" என்றார்கள் அக்கம்பக்கத்தில். இவர் ஒரு குடை வாங்கினார். பொட்டு மேகமில்லாத டெல்லி வெயிலில், ஸ்கூட்டர் வரைக்கும் குடை பிடித்துப் போவார். குடைமேல் டொக் டொக்கென்று விழும்.

"வலிக்கலியே?" என்று பால்கனியிலிருந்து கேட்டேன்.

"எங்கப்பாவும் இப்படித்தான்டி" என்றார், குடையை விலக்காமலே. "காரணம் சொல்லாமத்தான் குட்டுவார்."